கொல்லைப்புறக் குளம் பச்சை பூத்தால்...

நீச்சல் குளம் என்றதும் நம்மில் பலருக்கு நட்சத்திர விடுதிகளும் திரைப்படக் காட்சிகளும்தாம் நினைவிற்கு வரும். ஆனால் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் வெப்பம் மிகுந்த நகரங்களிலும் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் கொல்லைப்புறத்திலேயே அது இருக்கிறது. நம் பழைய வீடுகளில் கிணறு இருந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கணினித் துறையிலும் மருத்துவத் துறையிலும் பணி பெற்று அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் ஒரு வீட்டை வாங்கும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் வீட்டோடு குளமும் சேர்ந்து வந்துவிடுகிறது. கிணற்றை எப்படிப் பேணுவது என்பதை நமக்கு வாப்பாவும் பாட்டனாரும் சொல்லித் தந்தார்கள். இந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லித் தர அங்கே வீட்டுப் பெரியவர் எவரும் இல்லை.

என் தங்கை மகன் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகருக்கு அருகில் ஒரு வீடு வாங்கினார். விற்றவர்கள் இரண்டு மாதங்களுக்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். போகும்போது மின்சாரத்தைத் துண்டித்ததால் குளத்தின் மோட்டாரும் நின்று போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தவர், அங்கிருந்தே கைப்பேசியில் ஒரு புகைப்படம் அனுப்பினார். அரைத்து வைத்த மருதாணியின் நிறத்தில் இருந்தது தண்ணீர். “மாமா, இது குளமா, நாற்றங்காலா?” என்று கேட்டிருந்தார்.

அந்தக் குளம் தெளிய ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களும் தொலைபேசி வழியே அவரோடு நானும் இருந்தேன். அங்கே வாழும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், இங்கேயே விடுமுறைக்குப் பண்ணை வீடு பிடித்துக் குழந்தைகளைக் குளத்தில் இறக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், அப்போது அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

தண்ணீருக்கு முன் கதவு

புதிதாகக் குளம் பெற்ற எவரும் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். என் மருமகனும் அதற்கே கிளம்பினார். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. குளத்தைச் சுற்றி வேலி இருந்தது. ஆனால் வேலிக் கதவின் தாழ்ப்பாள் துருவேறிப் பாதியில் நின்றது, தள்ளினால் திறந்துகொள்ளும். தாழ்ப்பாளை மாற்றிய பிறகே மற்ற வேலை என்று அவருடைய மனைவி பிடிவாதமாக நின்றார். அந்தப் பெண்ணின் பிடிவாதத்திற்கு நான் தலை வணங்குகிறேன்.

அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் மரணத்திற்கு முதற்காரணமாக இருப்பது நீரில் மூழ்குதல்தான் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவிக்கிறது. நோயோ வாகன விபத்தோ அதற்குப் பிறகுதான். மூழ்கும் குழந்தை கூச்சலிட்டுக் கையை ஆட்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது சத்தமின்றியே நிகழ்ந்துவிடும். நீர் தெளிவாக இருந்தால், எட்டிப் பார்க்கும் தாயின் கண்ணுக்கு அடித்தளத்தில் கிடப்பது தெரியும். பச்சை நீரில் ஒரு முழத்திற்குக் கீழே எதுவும் தெரியாது. குழந்தையைக் காணோம் என்று வீடு முழுவதும் தேடிவிட்டுக் கடைசியாகக் குளத்தருகே வந்து நின்றாலும், நம் காலடியில் இருப்பதை நாம் காண மாட்டோம். பச்சைக் குளத்தின் முதல் ஆபத்து இதுவே. கிருமியும் கொசுவும் இதற்கு அடுத்தவை.

ஃப்ளோரிடா மாநிலம் 2000ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. புதிதாகக் கட்டப்படும் வீட்டுக் குளங்களுக்கு வேலி, மூடி, எச்சரிக்கை மணி முதலிய காப்புகளுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். வேலியாயின் குறைந்தது நான்கடி உயரம் இருக்க வேண்டும். அதன் கதவு தானாகவே மூடித் தானாகவே தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்பன அதன் விதிகள். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தை உள்ளே போக எண்ணித் தள்ளினால் கதவு மூடிக்கொள்ளும் என்பதே அதன் நுட்பம்.

பச்சை என்பது யாது?

குளத்தைப் பச்சையாக்குவது அழுக்கன்று. அது ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி காற்றிலும் மழையிலும் உதிர்ந்த இலைகளிலும் ஏறி நாள்தோறும் குளத்திற்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. நீரில் போதிய குளோரின் இருக்கும்வரை வந்தது வந்தபடியே மடிந்துவிடும். குளோரின் தீர்ந்து, வெயிலும் வெப்பமும் கூடினால், இரண்டு மூன்று நாட்களிலேயே நீர் நிறம் மாறிவிடும். ஃப்ளோரிடாவின் ஜூன் மாத வெயிலில் இரண்டு மாதம் மோட்டார் ஓடாமல் கிடந்த குளம் வேறு எந்த நிறத்தில் இருக்க முடியும்?

இது புதியவர்களுக்கு மட்டும் நேரும் சங்கடம் என்று எண்ண வேண்டாம். 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக் போட்டியின்போது, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, உயரத்திலிருந்து பாயும் போட்டிக்கான குளம் ஒரே நாளில் பச்சையாகிவிட்டது. குளத்தில் ஊற்றப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு அதிலிருந்த குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டதே காரணம் என்று அமைப்பாளர்கள் பின்னர் விளக்கினார்கள். பக்கத்துக் குளமும் நிறம் மாறத் தொடங்கவே, இசைநீச்சல் போட்டிக்காக அதிலிருந்த ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் நீரை வெளியேற்றி வேறு நீர் நிரப்ப நேர்ந்தது. ஒலிம்பிக் குளத்திற்கே அந்தக் கதியென்றால், இல்லறத்தான் எம்மாத்திரம்!

இன்னொரு செய்தியும் உண்டு. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரை உள்ளடக்கிய கெர்ன் மாவட்டத்தில், வீட்டுக் கடனைக் கட்ட இயலாமல் குடும்பங்கள் வெளியேறிய வீடுகளில் கவனிப்பாரற்ற குளங்கள் பல பச்சையாகிக் கிடந்தன. கொசுக்கள் பெருகின. 2007ஆம் ஆண்டில் அங்கே கொசுவால் பரவும் மேற்கு நைல் காய்ச்சல் 276 விழுக்காடு கூடியது என்று ஆய்வாளர்கள் மறு ஆண்டில் எழுதினார்கள். நம் பள்ளிவாசல் ஹவுள்களில் மீன் விடுவது கொசுப் புழுக்களைத் தின்பதற்காகவே என்பதை நாம் அறிவோம். கலிபோர்னியாவின் கொசு ஒழிப்புத் துறையினரும் கைவிடப்பட்ட குளங்களில் கம்பூசியா என்னும் சிறு மீனைத்தான் விட்டார்கள்.

எளிய வழிகள் மூன்று

பச்சைக் குளத்தைக் கண்டவுடன் எவருக்கும் மூன்று யோசனைகள் தோன்றும். மூன்றும் என் மருமகனுக்கும் தோன்றின.

முதலாவது, எல்லா நீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது. கிணற்றைத் தூர் வாரிப் பழகிய நமக்கு இதுவே இயல்பாகப் படும். ஆனால் ஃப்ளோரிடாவில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கிறது. குளம் என்பது மண்ணில் பதித்த ஒரு பெரிய தொட்டி. உள்ளே நீர் இருக்கும்வரை அதன் கனம் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கும். முழுவதும் காலி செய்தால், கீழிருந்து உந்தும் நிலத்தடி நீர் தொட்டியையே படகு போல் மேலே தூக்கிவிடக்கூடும். மழைக்காலத்தில் இது நடந்த வீடுகள் உண்டு. வெடித்துக் கிளம்பிய குளத்தை மறுபடி பதிப்பதற்கு ஆகும் செலவில் நம் ஊரில் ஒரு வீடே கட்டிவிடலாம்.

இரண்டாவது, படிகாரம். நம் தாய்மார்கள் கலங்கிய ஆற்று நீரில் படிகாரத்தைச் சுழற்றுவார்கள். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். வண்டல் அடியில் படியும். அங்கேயும் படிகாரத்தைப் பொட்டலமாக விற்கிறார்கள். மண் கலங்கலுக்கு அது நல்ல மருந்து. உயிருள்ள பாசியை அது கொல்லாது. பாசியைக் கொன்ற பிறகு, செத்த துகள்களைப் படிய வைக்க வேண்டுமானால் உதவும்.

மூன்றாவது, பாசிக்கொல்லி என்று பெயரிட்ட நீல நிறப் புட்டி. இவற்றுள் பல தாமிரம் கலந்தவை. தாமிரம் நீரை விட்டு எளிதில் போகாது. சுவரில் கறையாகப் படியும். வெளிர் நிறக் கூந்தல் உடையவர்கள் நீந்தி எழுந்தால் முடி பச்சையாவதற்கும் தாமிரமே காரணம். பழியை மட்டும் குளோரின் சுமந்துகொண்டிருக்கிறது!

அளந்தவனே அறிவான்

முதல் வாரத்தில் என் மருமகன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கி ஊற்றினார். பச்சை சற்று வெளுக்கும். மறுநாள் மீண்டும் கருக்கும். பிறகு அலுவலகத்தில் உடன் பணிபுரியும் அமெரிக்கர் ஒருவர், “நீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏன் ஊற்றுகிறாய்? முதலில் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கு” என்று சொன்னாராம். அன்றுதான் வேலை தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஒன்பது நாள் கணக்கும் அன்றிலிருந்துதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள் மூன்று. நீரில் உள்ள குளோரின் எவ்வளவு என்பது முதலாவது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். என்னும் குறியீடு இரண்டாவது. இது 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருப்பது நலம். குளோரின் நீரில் கரைந்ததும் இரு வடிவங்களாகப் பிரிகிறது. ஒன்று கிருமியைக் கொல்லும் வலிமை மிக்கது. மற்றது வலிமை குன்றியது. குறியீடு 7.5 ஆக இருந்தால் இரண்டும் சரிபாதி. 8.5 ஆக உயர்ந்தால் வலிமை மிக்க பகுதி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பி.எச். பாராமல் குளோரினைக் கொட்டுவது, விதை நெல்லைப் பாறையில் விதைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதுதான் புதியவர்கள் எவரும் அறியாதது. சயனூரிக் அமிலம் என்று அதற்குப் பெயர். நேரடி வெயில் பட்டால் நீரிலுள்ள குளோரின் இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலும் அழிந்துபோகும். அவ்வாறு அழியாமல் குடை பிடிப்பது இந்த அமிலம். அளவாக இருந்தால் குடை. மிகுந்தால் அதுவே விலங்கு. குளோரினைக் கட்டிப்போட்டு அதன் வேலையைத் தாமதப்படுத்தும். குளத்தில் மிதக்க விடும் வெண்ணிறக் குளோரின் வில்லைகளில் இந்த அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. வில்லையின் வழியே லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் சேர்ந்தால், அதனுடன் 6 மில்லிகிராம் அமிலமும் சேரும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் அப்படியே தங்கிவிடும். நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வீதம் இரண்டு மாதம் வில்லை போட்டால் அமிலம் 70க்கும் மேல் ஏறிவிடும். நீரை மாற்றினாலன்றி அது குறையாது.

இந்தக் குளத்தில் அமிலம் 80 இருந்தது. பழைய உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் வில்லையையே நம்பியிருந்தார் போலும்! ஆகவே பாதி நீரை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே மூச்சில் இறைக்காமல், ஓரடி இறைப்பதும் ஓரடி நிரப்புவதுமாகப் பலமுறை செய்தார்கள். அப்படிச் செய்யும்போது புதிய நீரும் சிறிது வெளியேறிவிடும் என்பதால் கணக்கிற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இறைக்க வேண்டியிருந்தது. அமிலம் 40க்கு வந்தது.

ஒன்பது நாட்கள்

மருந்துக்கு முன் உடலுழைப்பு. அடியில் மட்கிக் கிடந்த இலைகளை நீண்ட கைப்பிடி வலையால் அள்ளினார்கள். எத்தனை கூடை என்று எண்ணுவதை மருமகன் பாதியிலேயே விட்டுவிட்டார். இலையும் சகதியும் இருக்கும்வரை ஊற்றும் குளோரினை அவையே தின்றுவிடும். பாசிக்கு எதுவும் மிஞ்சாது. பிறகு சுவர்களையும் படிகளையும் தூரிகையால் தேய்த்தார்கள். சுவரில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் பாசி தன் மேல் ஒரு படலம் போர்த்திக்கொண்டிருக்கும். தேய்த்தால்தான் மருந்து உள்ளே போகும்.

அடுத்து, அமிலம் சேர்த்து பி.எச். குறியீட்டை 7.2க்குக் கொண்டுவந்தார்கள். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். குளோரின் மிகுந்த பிறகு அந்தச் சோதனை பிழையான விடையையே காட்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அனுபவசாலிகளின் வழக்கம், பாசியைக் கொல்வதற்குச் சயனூரிக் அமிலத்தின் அளவில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு குளோரின் வைப்பது. அமிலம் 40 என்றால் குளோரின் 16 மில்லிகிராம் வேண்டும். குளத்தின் கொள்ளளவு 16,000 காலன், அதாவது சுமார் 60,000 லிட்டர். 60,000 லிட்டருக்குத் தலா 16 மில்லிகிராம் என்றால் 960 கிராம். கடையில் கிடைக்கும் நீர்மக் குளோரின் பத்து விழுக்காட்டு வலிமை உடையது. லிட்டருக்கு 100 கிராம். ஆக 9.6 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்! இந்தப் பெருக்கலைப் போடாமல்தான் பலர் முதலில் ஒரு புட்டி, அப்புறம் அரைப் புட்டி என்று ஊற்றிக் காசைக் கரைக்கிறார்கள்.

ஒரு முறை ஊற்றினால் முடிந்துவிடாது. பாசி சாகச் சாகக் குளோரினும் செலவாகிறது. முதல் நாள் மாலையில் 16 வைத்தால், இரண்டு மணி நேரத்தில் 4க்கு இறங்கிவிட்டது. மீண்டும் அளந்து, குறைந்ததை ஊற்றி, மீண்டும் 16. நாளில் பலமுறை இப்படி. அளவு சரிய விட்டால் எஞ்சிய பாசி மறுபடி பெருகும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மோட்டார் இரவும் பகலும் நிற்காமல் ஓடியது. மணல் வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமாக இருக்கும்போது காட்டுவதைவிடக் கால் பங்கு கூடுதலாகக் காட்டினால், நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும். முதல் மூன்று நாட்களில் காலையும் மாலையும் கழுவினார்கள்.

மூன்றாம் நாள் மருதாணி நிறம் போய் வாழைக் குருத்தின் நிறம் வந்தது. நான்காம் நாள் பச்சையே இல்லை. ஆனால் நீர் அரிசி கழுவிய தண்ணீரைப் போல் வெண்மையாகக் கலங்கியிருந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனம் தளர்ந்து வேறு ஏதேனும் மருந்தைத் தேடிப் போவார்கள். அந்த வெண்மை செத்த பாசியின் துகள். இனி வேலை குளோரினுக்கு அதிகமில்லை; வடிகட்டிக்குத்தான். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். என் மருமகனுக்கு நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் மிகக் குறைவு. “மாமா, நோன்பு முழுவதும் பொறுத்துவிட்டு, பிறை தேடும் அந்த ஒரு மாலையில் பொறுமை இழப்பது போல இருக்கிறது” என்றார். நல்ல உவமைதான்.

முடிந்ததா என்பதை அறியவும் ஓர் அளவு உண்டு. சூரியன் மறைந்த பின் ஒருமுறையும், விடியுமுன் ஒருமுறையும் குளோரினை அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை. ஆகவே குளோரின் குறைந்தால் அதைத் தின்றது பாசிதான். இரவுக் குறைவு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல், நீரும் தெளிந்திருந்தால் பாசி ஒழிந்தது என்று கொள்ளலாம். எட்டாம் இரவு இரண்டும், ஒன்பதாம் இரவு அரையும் குறைந்தன. ஆழமான பகுதியில் ஒரு நாணயத்தைப் போட்டு, தலையா பூவா என்று கரையிலிருந்தே சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது அங்கே ஒரு வழக்கமாம். பத்தாம் நாள் காலை நாணயத்தின் தலை தெரிந்தது. ஒன்பது நாளில் 60 லிட்டர் நீர்மக் குளோரின் செலவு.

கலக்கக் கூடாதவை

குளத்து மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். பி.எச். குறைக்கும் அமிலத்தையும் நீர்மக் குளோரினையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர என்னும் இடத்தில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது இதே வாயுதான். வில்லையை அரைத்த தூளும் பிளீச்சிங் பவுடர் வகைத் தூளும் ஒன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளக் கூடாது. மருந்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும்; மருந்தின் மேல் நீரை ஊற்றலாகாது. இது நம் வீட்டுக் குளியலறைக்கும் பொருந்தும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு மூச்சுத் திணறி விழும் தாய்மார்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

மருமகனின் மனைவி கேட்ட கேள்வி

பாசி நீர் உடையெங்கும் தெறித்த நிலையில் தொழலாமா என்பது அவருடைய ஐயம். எனக்கு முதல் தொலைபேசி வந்ததே இதற்காகத்தான். நீண்ட நாள் தேங்கியதாலும் பாசி படிந்ததாலும் நிறமோ மணமோ மாறிய நீர், ஷரீஅத் சட்டப்படி தூய நீரே. அது தெறித்த உடையில் தொழலாம்; அந்நீரில் உளூவும் கூடும். எலியோ வேறு பிராணியோ விழுந்து செத்து, அந்த அசுத்தத்தால் நீரின் நிறமோ சுவையோ மணமோ மாறியிருந்தால் சட்டம் வேறு. மற்றபடி அந்தக் குளம் ஷாஃபிஈ மத்ஹபின் இரண்டு குல்லத் அளவையும், ஹனஃபி மத்ஹபின் பத்துக்குப் பத்து முழத்தையும் தாராளமாகக் கடந்தது. ஆயினும் மார்க்கச் சட்டப்படி தூயது என்பதனால் உடலுக்குத் தீங்கற்றது என்று பொருளில்லை. பச்சை நீரில் கண்ணையும் காதையும் கெடுக்கும் கிருமிகள் இருக்கும். ஆகையால் தொழுவதற்குத் தடையில்லை, குளித்துவிட்டுத் தொழுவது நல்லது என்றேன்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கலாகாது என்னும் நபிகளார் (ஸல்) அவர்களின் கட்டளையைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். நீச்சல் குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி குளோரின் மிகுதியால் வருவதென்று பலர் நினைக்கிறார்கள். சிறுநீருடனும் வியர்வையுடனும் குளோரின் கூடிப் பிறக்கும் சேர்மங்களின் நெடி அது. கண் எரிச்சலும் அதனால்தான். நெடி வீசும் குளத்திற்குக் குளோரின் போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

நம் பக்கத்துப் பண்ணை வீடுகள்

பெருநாள் விடுமுறைக்கும் திருமணத்திற்கு முந்தைய நாட்களுக்கும் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இப்போது நம்மவர்களிடையே பெருகியிருக்கிறது. அவற்றில் சிறு குளம் ஒன்று இருக்கும். முப்பது பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். இறங்குமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடியின் கம்பிகள் கரையிலிருந்தே எண்ணத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முன்பணம் போனாலும் குழந்தைகளை இறக்காதீர்கள். சுவரைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் பாசி தொடங்கிவிட்டது, நிறம் மாறாவிட்டாலும். கரையில் எத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும், எல்லோரும் பார்ப்பதாக எண்ணி எவரும் பார்க்காத நிலை வந்துவிடும். ஆகவே இன்ன நேரம் இன்னார் என்று ஒருவரைப் பெயர் சொல்லி அமர்த்துங்கள். பிரியாணிக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் நாம், இதற்கு ஏனோ வைப்பதில்லை.

அன்றாடச் செலவு

தெளிந்த குளத்தைப் பச்சையாக விடாமல் வைத்திருப்பது தெளிய வைப்பதைவிட எளிது. ஆனால் அது ஒரு நாளும் விடுமுறையற்ற வேலை. ஃப்ளோரிடாவின் கோடையில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவுக்குக் குளோரின் செலவாகிறது. 60,000 லிட்டர் குளத்திற்கு 180 கிராம். பத்து விழுக்காட்டு நீர்மக் குளோரின் 1.8 லிட்டர். மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது. மருமகன் மஃக்ரிப் தொழுதுவிட்டு வெளியே வந்து, முதலில் வேலிக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, நீரை அளந்து, தேவையானதை ஊற்றுகிறார். வில்லைகளை ஊருக்குப் போகும் நாட்களில் மட்டுமே பயன்படுத்துகிறார். அமெரிக்காவின் வட மாநிலங்களைப் போலக் குளிர்காலத்தில் குளத்தை மூடி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. டிசம்பர், ஜனவரியில் வெயில் தாழ்ந்து நீர் குளிர்ந்துவிடுவதால், நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே போதுமானதாக இருந்ததாம்.